வரிசையில் நின்ற நாடு

கேள்வி: 2022-இல் இலங்கை திவாலாகி, மக்கள் பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டில் இந்தியா உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் ஆனது. வாழ்க்கைத் தரத்தில் நாம்தான் மேல் என்று இனியாவது ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: மாட்டேன். அந்த வரிசைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காத்து நின்ற முதியவர்கள் சிலர் வரிசையிலேயே சுருண்டு விழுந்து இறந்தார்கள். மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆனால் அதே 2022-ஆம் ஆண்டுக்கான ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டை எடுத்துப் பாருங்கள். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளப்பது அது. 193 நாடுகளில் இலங்கைக்கு 78-வது இடம், நமக்கு 134-வது.

'ஐந்தாவது பெரிய' என்பது மொத்தக் கணக்கு. 140 கோடிப் பேரின் உழைப்பைக் கூட்டினால் பெரிதாகத்தான் வரும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், அந்த நெருக்கடி ஆண்டில்கூட இலங்கையின் சராசரிதான் நம்முடையதைவிட அதிகம்.

சரி, பணத்தை விடுங்கள். பிறக்கும் குழந்தையைப் பாருங்கள். 2020 கணக்குப்படி இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இலங்கையில் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. இது ஒரே நாளில் வந்ததல்ல. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. ஒரு பகுதியில் யார் கருவுற்றாலும் அந்தப் பகுதிக்கான மருத்துவமாதுவின், அதாவது தாய்சேய் நலம் பார்க்கும் அரசுப் பணியாளரின், பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். வீடு தேடி வருவார். பிரசவம் முடிந்த பிறகும் வந்து, குழந்தை பால் குடிக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று விசாரிப்பார். காசு கேட்க மாட்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் வரை இலவசமாகப் படிக்க 1945-லேயே வழி செய்துவிட்டார்கள், நாம் சுதந்திரம் வாங்குவதற்கும் முன்பே. இத்தனை வருடங்கள் சேர்த்து வைத்ததை ஒரு வருடப் பெட்ரோல் பஞ்சம் அழித்துவிட முடியாது.

அப்புறம், 'நாம்' என்கிறீர்களே, அது யார்? அதே 2020 கணக்கில் கேரளத்தில் ஆயிரத்துக்கு 6 குழந்தைகள் இறந்தன, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. எல்லாம் ஒரே நாடுதான்.

இலங்கைச் சராசரிக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் பிள்ளைகளை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. குடியுரிமை திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் அவர்களில் பலர் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான், குடும்பம் நடத்துகிறார்கள். அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் அதற்குள்தான். அந்த நாட்டின் மீது எனக்குக் கோபம் இதற்காகத்தான், பெட்ரோல் வரிசைக்காக அல்ல.