இரண்டு ஃபைபர் லேசர் மெஷினும் 3 கிலோவாட்தான். ஒன்று மெல்லிய தகட்டைச் சரசரவென்று வெட்டுகிறது, இன்னொன்று திணறுகிறது. ஏன்? பீமின் (லேசர் கற்றையின்) தரத்தை எப்படி அளப்பது?

வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் லேசர் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் வாங்குகிறவர்கள் கிலோவாட்டைத் தாண்டி எதுவும் கேட்பதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

முதலில் இரண்டு மெஷினிலும் ஃபைபரின் கோர், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதி, என்ன விட்டம் என்று பாருங்கள். ஃபைபரிலிருந்து விரிந்து வரும் ஒளியை இணையாக்கும் கோலிமேட்டர் லென்ஸின் போகஸ் தூரம் 100 மி.மீ., அதைத் தகட்டில் குவிக்கும் போகஸ் லென்ஸின் போகஸ் தூரம் 125 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 மைக்ரான் கோர் என்றால் தகட்டில் 62.5 மைக்ரான் புள்ளி விழும்; 100 மைக்ரான் கோர் என்றால் 125 மைக்ரான். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு. அதே 3 கிலோவாட் நாலு மடங்கு இடத்தில் பரவுகிறது. 1 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் வேகம் விழ இதுவே போதும்.

ஆனால் புள்ளியின் அளவை மட்டும் வைத்து பீம் நல்லதா என்று சொல்ல முடியாது. போகஸ் தூரம் குறைந்த லென்ஸைப் போட்டால் எந்த பீமும் சின்னதாகும், அதே அளவுக்குச் சீக்கிரம் விரியவும் செய்யும். அதனால் பீம் மிகவும் ஒடுங்கும் இடத்தின் ஆரத்தையும், அது விரியும் அரைக்கோணத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். குறையில்லாத லென்ஸ் எதைப் போட்டாலும் இந்தப் பெருக்குத்தொகை மாறாது. 1.07 மைக்ரான் அலைநீளத்துக்கு இது சுமார் 0.34 மி.மீ. மில்லிரேடியனுக்குக் கீழே போகவே முடியாது. உங்கள் பீம் அதைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் எம்-ஸ்கொயர்.

பீமை அளப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 11146 சொல்லும் முறை இது: குறைந்தது 10 இடங்களில் விட்டத்தை அளக்க வேண்டும். பாதி அளவுகள் ஒடுங்கும் இடத்துக்கு இருபுறமும் ஒரு ரேலே நீளத்துக்குள் இருக்க வேண்டும், மீதி இரண்டு ரேலே நீளத்துக்கு அப்பால். (ஒடுங்கும் இடத்திலிருந்து பீமின் பரப்பு இரட்டிப்பாகும் வரையுள்ள தூரம்தான் ரேலே நீளம்.)

கல்லூரி லேபில் சின்ன ஹீலியம்-நியான் லேசர் என்றால் பிளேடும் பவர் மீட்டரும் போதும். மைக்ரோமீட்டரைத் திருகி பிளேடைக் குறுக்கே நகர்த்துங்கள். மீட்டர் 84 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கும்வரை பிளேடு நகர்ந்த தூரம்தான் பீமின் ஆரம். பீம் காஸியன் வடிவில் (நடுவில் பிரகாசமாக இருந்து ஓரத்துக்குப் போகப் போக மணி வடிவில் மங்குவது) இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். கிலோவாட் மெஷினில் இதைச் செய்யவே கூடாது. பிளேடில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, பார்வையைப் பறித்துவிடும். அதற்கென்று இருக்கும் அளவு கருவியை வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அவர்கள் வந்தால் குறைந்த பவரில் ஒரு முறை, முழு பவரில் சில நிமிடம் ஓட்டியபின் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். லென்ஸைக் காக்கும் புரொடெக்டிவ் கிளாஸில் ஒரு தூசிப் பொட்டு இருந்தாலும் அது சூடாகும், கண்ணாடியே லென்ஸ் மாதிரி வேலை செய்து போகஸ் நாசில் (பீமும் வாயுவும் வெளிவரும் முனை) பக்கம் ஏறிவிடும். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் லேசரைக் குறை சொல்லும் முன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று: கனமான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் 100 மைக்ரான் கோரை ஒதுக்காதீர்கள். வெட்டு அகலமாக இருந்தால்தான் உருகியதை ஆக்சிஜன் கீழே தள்ள வழி கிடைக்கும்.