அப்பாவின் படச்சுருள்களை நான் மட்டும் விற்கலாமா?

கேள்வி: அப்பா 1960களில் தன் கமராவால் எடுத்த 22 படச்சுருள்கள் என்னிடம் இருக்கின்றன. கோணேசர் கோயிலின் 1963 கும்பாபிஷேகம் என்று ஒரு டப்பாவில் அவரே எழுதியிருக்கிறார். ஆவணப்படம் எடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆறு இலட்சம் ரூபா தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அப்பாவை இறுதிவரை பார்த்தவள் நான். கனடாவிலுள்ள அண்ணா செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. இப்போது பங்கு தராவிட்டால் வழக்கு என்கிறார். தங்கை வாய் திறக்கவில்லை. அம்மாவும் காலமாகிவிட்டார். எவரும் எதையும் எழுதிவைக்கவில்லை. நான் கையெழுத்திடலாமா?
– உவர்மலை வாசகி

பதில்: இடாதீர்கள்.

அண்ணா வராததும், மருந்துச் செலவை நீங்கள் சுமந்ததும், டப்பாக்களை இத்தனை காலம் காத்ததும் இந்தக் கேள்வியில் எடுபடாது. பெற்றோர் இருவரும் மரண சாசனம் இல்லாமல் இறந்தார்கள், பிள்ளைகள் மூவர். சட்டம் பார்ப்பது இவ்வளவே. திருகோணமலையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழருக்கு, வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தாது. பொதுச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. கூட்டு உரித்தாளர் ஒருவரிடம் பொருள் இருப்பதால் அது அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது.

சுருள் வேறு, அதிலுள்ள படத்தின் பதிப்புரிமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் தரும் 70 ஆண்டுப் பாதுகாப்பை எப்படிக் கணக்கிட்டாலும் 1960களின் படத்துக்கு அது இன்னும் முடியவில்லை. அந்த உரிமையும் மூவருக்குமே வந்திருக்கிறது.

நீங்கள் இணைத்த ஒப்பந்தத்தின் ஏழாம் பந்தியைத் திரும்ப வாசியுங்கள். விற்பவரே முழு உரிமையாளர் என்கிறது அது. வேறு எவராவது உரிமை கோரினால் வரும் நட்டஈடும் வழக்குச் செலவும் விற்பவர் தலையில். பிணக்கு வந்தால் விசாரிப்பது அவர்கள் நாட்டு நீதிமன்றம். என்னிடம் வந்தவர்கள் பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இப்படியான பந்தியின் கீழ் கையெழுத்திட்டவர்கள்தான். காசு வீட்டுக் கூரைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போயிருக்கும். அதன்பின் உறவினர் ஒருவரின் கடிதம் நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் படத்தை நிறுத்திவிட்டு நட்டத்தை இவர்களிடம் கேட்கும். உங்கள் அண்ணா உங்கள்மீது வழக்குப் போடவே தேவையில்லை. அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், ஆறு இலட்சம் உங்கள் கடனாகிவிடும்.

இன்னொரு பொறி ஒப்பந்தத்தின் அட்டவணையில் இருக்கிறது. முதல் வரியே ‘சூப்பர் 8, கும்பாபிஷேகம், 1963’. சூப்பர் 8 என்ற வீட்டுக் கமரா பிலிம் வகை சந்தைக்கு வந்தது 1965இல். அந்தச் சுருள் உண்மையில் சூப்பர் 8 என்றால் அதில் 1963 இருக்க முடியாது. பழைய 8 மில்லிமீற்றர் என்றால் இருக்கலாம். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பாருங்கள். சூப்பர் 8இல் துளை சிறியது, ஒவ்வொரு படத்தின் ஓரத்தில் அதன் நடுமட்டத்தில் இருக்கும். பழையதில் பெரியது, இரண்டு படங்களுக்கு இடையில் வரும். கொடக் பிலிமானால் விளிம்பிலுள்ள வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் தயாரிப்பு ஆண்டைக் காட்டும். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வருவதால் மற்ற அடையாளங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும். டப்பாக்கள் மாறியிருக்கலாம். கையெழுத்திட்டபின் அப்பாவின் எழுத்து உங்கள் உத்தரவாதமாகிவிடும், பிழையென்றால் பொறுப்பும் உங்களுடையது. பிறந்தநாள் படத்துக்கு யாரும் ஆறு இலட்சம் தருவதில்லை. அவர்கள் விலை பேசுவது அந்தக் கும்பாபிஷேகத்துக்குத்தான்.

மதிப்பீட்டுக்கென்று சுருள்களைக் கேட்டால், ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் படம்பிடித்து, கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் ஒன்றையும் கொடுக்காதீர்கள்.

அண்ணாவோடு இணங்கிப் போங்கள். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். வழக்கு வந்தால் தடையுத்தரவு வரும். மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுகள் ஓடும். ஒரு டப்பாவைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. நம் ஊரின் வெக்கையும் ஈரக்காற்றும் அதை விரைவாக்கும், இறுக மூடிய டப்பா இன்னும் விரைவாக்கும். தீர்ப்பு வரும்போது பங்கிடச் சுருள் இல்லாமல் போகலாம்.

மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்க இணக்கப் பத்திரம் போதும்: மூன்று சம பங்கு, பராமரித்த செலவாக உங்களுக்கு முதலில் ஒரு தொகை. பராமரிப்பைப் பேசவேண்டிய இடம் இதுதான், நியாயமான தொகையைத் தயங்காமல் கேளுங்கள். அண்ணா கனடாவிலுள்ள நமது உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். தங்கையின் மௌனத்தைச் சம்மதமாக எடுக்காதீர்கள், கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள்: உரிமை விற்பனைக்கில்லை, குறித்த ஆவணப்படத்தில் பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறோம், சுருள்களை அவர்கள் செலவில் டிஜிட்டலாக்கி, மூலத்தையும் பிரதியையும் திருப்பித் தர வேண்டும். ஏழாம் பந்தியில் நட்டப் பொறுப்பு பெற்ற தொகையைத் தாண்டக்கூடாது. அட்டவணையில் ‘1963’ என்பதற்குப் பதில் ‘டப்பாவில் எழுதியுள்ளபடி’ என்று போடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.