மசாலா ஆன்டிஆக்ஸிடன்ட்: சமையலில் சரி, கேப்சூலில்?

கேள்வி: எனக்கு வயது 56. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் உண்டு. கிராம்பு, பட்டை, மஞ்சளில் பழங்களைவிடப் பல மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, அது மாரடைப்பையும் புற்றுநோயையும் தடுக்கும் என்று படித்தேன். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலும், காலையில் ஒரு ஸ்பூன் பட்டைத்தூளும் எடுக்கலாமா?

பதில்: கேப்சூல் வேண்டாம். பட்டைத்தூளும் ஸ்பூன் கணக்கில் வேண்டாம். சமையலில் போடுவதை மட்டும் தாராளமாகத் தொடருங்கள்.

முதலில் அந்தப் 'பல மடங்கு' கணக்கைப் பார்ப்போம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளைத் தணிக்கும் பொருள். அந்தத் திறனை அளக்கும் ஓராக் என்ற சோதனைக்குழாய் அளவீட்டிலிருந்துதான் பெரும்பாலும் இந்தக் கணக்கு வருகிறது. கிராம்பில் யூஜெனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் கிராம்பு காய்ந்த பொருள், பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டையும் நூறு நூறு கிராம் எடுத்து ஒப்பிட்டால் கிராம்புதான் ஜெயிக்கும். நூறு கிராம் கிராம்பை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு கிராம்பின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சோதனைக்குழாயில் கிடைக்கும் எண் உடலுக்குள் நடப்பதைக் காட்டாது என்று சொல்லி, அமெரிக்க வேளாண் துறை தன் ஓராக் பட்டியலை 2012-லேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. விளம்பரங்கள்தான் இன்னும் விடவில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் கூடக்கூட நல்லது என்பதும் நிரூபணமான விஷயம் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது! பீட்டா கரோட்டின் மசாலா இல்லைதான். ஆனாலும் உணவில் நல்லதாக இருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே பலன் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 90 மில்லிகிராம். 95 சதவீதச் சாறு என்று போட்டிருக்கும் 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம். அதாவது ஐந்து டீஸ்பூன் மஞ்சளை ஒரே வாயில் விழுங்குவதுபோல. அப்படி விழுங்கினாலும் குர்குமின் எளிதில் ரத்தத்தில் சேராது. குடல்சுவரும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகின் பைப்பரின் இந்த வேலையைத் தடுக்கிறது. 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது.

கேப்சூலில் மிளகுச் சத்தைச் சேர்ப்பது இதனால்தான். சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பைப்பரின் முடக்கும் நொதிகளில் சில, நாம் சாப்பிடும் மருந்துகளையும் கையாள்பவை. குர்குமினை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் நிறுத்திவைக்க அதற்குத் தெரியாது. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் கூடுவது மனிதர்களிலேயே காட்டப்பட்டிருக்கிறது. உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. குர்குமினுக்கே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. ஏற்கெனவே அதே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரைகள் எடுக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து ரத்தக்கசிவை வரவழைக்க வேண்டாம். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அவற்றில் பலவற்றில் மிளகுச் சத்து சேர்ந்திருந்தது.

பட்டை விஷயம் சுருக்கமாக. சில ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) தெளிவாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. பரவலாகக் கிடைக்கும் காசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் உண்டு, அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். கூமரினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். தினமும் ஒரு ஸ்பூன் காசியாத் தூள் சாப்பிட்டால் இதைத் தாண்டிவிடக்கூடும். சிலோன் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

அப்படியானால் மசாலாவில் பலனே இல்லையா? இருக்கிறது. குமட்டலுக்கு இஞ்சி நன்றாகவே உதவுகிறது. மூட்டுத் தேய்மான வலிக்கு குர்குமின் ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால், உங்களுக்கு மசாலாவால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: காரமும் மணமும் இருந்தால் உப்பைக் குறைத்தாலும் சாப்பாடு இறங்கும். இதயத்துக்கு அது நேரடியான நன்மை.

ஒருவேளை கேப்சூலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் உங்கள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பல் ஈறில் ரத்தம், கறுத்த மலம், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.