ஒரே ஸ்லைடில் நாலு பிள்ளைகள்: புதிதாக வந்த ஒரு அப்பாவுக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். குடும்பத்தோடு வந்து ஐந்து வாரம், மகள் மூன்றாம் வகுப்பு, நோட்டுப் புத்தகத்தைவிட லேப்டாப்தான் கையில் அதிகம் இருக்கிறது, நாலு நாலு பேராக ஒரே கூகுள் ஸ்லைட்ஸ் ஃபைலில் வேலை செய்கிறார்கள், போன வியாழக்கிழமை அவள் எழுதி வைத்ததை இன்னொரு பிள்ளை அழித்துவிட்டது, வீட்டுக்கு வந்து அழுதாள். டீச்சரிடம் புகார் சொல்லலாமா, இல்லை ராத்திரி உட்கார்ந்து நாமே அழகாகச் செய்து கொடுத்துவிடலாமா, எட்டு வயசுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாடு விட்டு வந்து பதினாலு வருஷம். என் இரண்டு பிள்ளைகளும் இதே வழியில்தான் படித்து மேலே போனார்கள், கடைசி ஆறு வருஷமாக நானே ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். அதனால் வீட்டுப் பக்கமும் தெரியும், வகுப்புப் பக்கமும் தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் எழுதியது எங்கேயும் போகவில்லை. அந்த ஃபைலை லேப்டாப்பில் திறந்து, மேலே ‘ஃபைல்’ மெனுவுக்குள் போனால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் வலது பக்கத்தில் தேதி, நேரம், பெயர் என்று வரிசையாக வரும். யார் எதை மாற்றினார்கள் என்பது ஆளுக்கு ஒரு நிறத்தில் தெரியும். வியாழக்கிழமை வகுப்பு நேரத்தைத் தேடி அழுத்துங்கள், அவள் எழுதியது அப்படியே இருக்கும். ஆனால் ‘ரெஸ்டோர்’ பட்டனை நீங்கள் அழுத்தாதீர்கள், முழு ஃபைலும் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய்விடும், அதற்கப்புறம் மற்ற மூன்று பேர் செய்தது மறைந்து, நாளைக்கு அவர்கள் வீட்டில் அழுகை. அந்தப் பழைய பதிப்பை ‘மேக் எ காப்பி’ என்று தனி ஃபைலாக எடுத்து, அதிலிருந்து அவள் எழுதின பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நாளாக ஆகச் சின்னச் சின்ன மாற்றங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் காட்டப்படும், அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே பாருங்கள். டேப்லெட்டில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், லேப்டாப்பே நல்லது.

அடுத்தது, அந்த இன்னொரு பிள்ளை. நான் பார்த்த வரைக்கும் பத்தில் ஒன்பது தடவை அது வேண்டுமென்று செய்ததாக இருக்காது. அந்தப் பிள்ளை தன் படத்தைப் பெரிதாக்கியிருக்கும், உங்கள் மகளின் எழுத்துப் பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கும், ‘என் படத்தை இது மறைக்கிறதே’ என்று பெட்டியைத் தூக்கிவிட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் டச்பேடில் விரல் வழுக்கி எல்லாம் நீல நிறமாகத் தேர்வாகி, அந்த நேரம் பார்த்து ஒரு எழுத்தைத் தட்டியிருக்கும், அவ்வளவுதான், முழுப் பத்தியும் போய் ஒரு ‘ஜே’ மட்டும் நிற்கும். பெரியவர்களே செய்கிற தப்பு இது. அழித்த பிள்ளை உடனே கன்ட்ரோல்-இஸட் அழுத்தியிருந்தால் வந்திருக்கும். கூகுள் டாக்ஸிலும் ஸ்லைட்ஸிலும் அந்தப் பொத்தான் நாம் செய்ததை மட்டும்தான் திருப்பும், அடுத்தவர் செய்ததைத் தொடாது, அதனால் உங்கள் மகள் எத்தனை தடவை அழுத்தியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. பாவம், அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் முதல் தடவை இது நடந்த நாளை நான் மறக்கமாட்டேன். ஒரே ஸ்லைட்ஸ் ஃபைல், இருபத்துநாலு பிள்ளைகள். ஒரு ஃபைலை ஒரே நேரத்தில் 100 பேர் வரைக்கும் திறந்து எழுதலாம், அதனால் மெஷினுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான். திறந்த உடனே எல்லாரும் முதல் ஸ்லைடில் நின்றார்கள். திரை முழுக்கப் பெயர் எழுதின சின்னக் கொடிகள் மாதிரி கர்சர்கள் அலைந்தன. ஒருவன் பின்னணியைக் கறுப்பாக்கினான், இன்னொருத்தி அதை ரோஸ் ஆக்கினாள், அவன் மறுபடி கறுப்பாக்கினான், தலைப்பு காணாமல் போனது, யாரோ ஒரு டைனோசர் படத்தைப் பதினேழு தடவை ஒட்டினார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. டீச்சர் கத்தவில்லை. “மூடியைப் பாதி இறக்குங்கள்” என்றார், இருபத்துநாலு லேப்டாப்பும் பாதி மூடின. அடுத்த நாள் அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம்: வருகைப் பதிவேட்டில் உன் எண் எதுவோ அதுதான் உன் ஸ்லைடு, அங்கே ஒரு படம், ஒரு வாக்கியம், வேறு எங்கேயும் போய்ப் படிக்கலாம், தொடக்கூடாது. அன்றைக்கு வகுப்பு அமைதியாக இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்தார், நாலு பேர் குழு அதற்கும் பிறகு.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகளின் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் படிகளை எல்லாம் முதல் வகுப்பிலிருந்தே ஏறி வந்தவர்கள். அவள் நேராக மூன்றாவது மாடியில் வந்து இறங்கியிருக்கிறாள். அதோடு நாமெல்லாம் எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். எழுதும்போது இடது கையை வளைத்து நோட்டுக்கு ஒரு மதில் கட்டிக்கொள்வோம், பக்கத்தில் உட்கார்ந்தவன் பார்த்துவிடக்கூடாது. அடுத்தவன் நோட்டைப் பார்த்தால் அடி. அதே பழக்கத்தை நம்மை அறியாமல் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு, இங்கே வந்ததும் ‘அடுத்தவர் எழுதுவதைப் பார், அதன் மேல் கருத்துச் சொல், உன்னுடையதையும் அவர் தொடுவார்’ என்றால் அதற்குத் தலை சுற்றாதா? லேப்டாப்பை இரண்டு வாரத்தில் பழகிவிடுவாள். தான் எழுதினதில் இன்னொருவர் கை படுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் நாளாகும்.

ராத்திரி நாமே செய்து கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து வேண்டாம். நான் செய்து மாட்டிக்கொண்டவள். என் மூத்தவன் நாலாம் வகுப்பில் எரிமலை பற்றிக் குழுவாக ஒரு ஸ்லைட்ஸ் செய்துகொண்டிருந்தான். அவன் தூங்கின பிறகு அவன் லாகினிலேயே போய், அவன் பத்தியைத் திருத்தி, மற்றப் பிள்ளைகள் எழுதியதிலும் இரண்டு எழுத்துப்பிழையைச் சரிசெய்து, எழுத்துரு எல்லாம் ஒன்றாக்கி, பெருமையோடு போய்ப் படுத்தேன். அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பில் டீச்சர் அந்த வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். இரவு 11:20 என்று இருந்தது. “இந்த நேரத்தில் அவன் விழித்திருக்கிறானா, தூக்கம் போதாதே என்று கவலைப்பட்டேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதைவிட மோசம், அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் பிள்ளை தன் வாக்கியத்தை மாற்றியது என் மகன்தான் என்று நினைத்து இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை.

அதனால் பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், கீபோர்டில் கை வைக்காதீர்கள். பிழையோடு போகட்டும். டீச்சருக்கு அந்தப் பிழைதான் வேண்டும், அதை வைத்துத்தான் அடுத்து என்ன சொல்லித்தருவது என்று அவர் முடிவுசெய்கிறார்.

குழுவில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது டீச்சருக்கு எப்படித் தெரியும் என்ற கவலையும் உங்களுக்கு வரும். அதே ஹிஸ்டரியில்தான் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளுக்கும் பிடிக்காது. சில டீச்சர்கள் போடுகிறார்கள், சிலர் தனித்தனியாகப் போடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேவையா என்ற கேள்விக்கு என் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. முதல் இரண்டு வகுப்புக்கு ஒரு பெரிய சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் தரையில் உட்கார இடமும் கொடுத்தால் இதைவிட நன்றாகச் சேர்ந்து வேலை செய்வார்கள். இதை நான் வேலை செய்யும் இடத்திலும் சொல்லியிருக்கிறேன், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் மகளைப் போலப் புதிதாக வந்து, மொழி நாக்கில் வராத பிள்ளைக்கு இது ஒரு கதவு. போன வருஷம் ஒரு பையன் வந்தான், இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கூடிப் பேசும் நேரத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பான். ஒரு நாள் பக்கத்துக் குழுவின் ஸ்லைடில் கமென்ட் எழுதச் சொன்னார்கள். இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டி, கால் மணி நேரத்தில் அவன் எழுதியது இதுதான்: “கப்பல் நல்லா இருக்கு. ஆனா உள்ளே போக வாசல் எங்கே?” அந்தக் குழு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாசல் வரைந்து, அவனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பேசுவதற்கு யோசிக்கிற நேரம் கிடைக்காது, எழுதுவதற்குக் கிடைக்கும். சீசா மாதிரி ஆப் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்னும் நல்லது, அதில் வரைந்து அதன் மேல் குரலைப் பதிவு செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம். சேர்க்கையின்போது ஒரு கத்தை ஒப்புதல் தாள் கொடுத்திருப்பார்கள், படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், நானும் அப்படித்தான் போட்டேன். இந்தக் கருவிகளில் பாதிக்கு மேல் அமெரிக்க நிறுவனங்களுடையவை. அங்கே 1998-இல் கொண்டுவந்த காப்பா சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் விவரங்களை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதை 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதனால்தான் பள்ளி தன் பெயரில் கணக்கு உண்டாக்கிக் கொடுக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, பள்ளிக் கணக்கில் மட்டும் அவள் வேலை செய்ய விடுவது. பள்ளி வேலையை உங்கள் சொந்த ஜிமெயிலில் திறந்து கொடுக்காதீர்கள், வயதைக் கூட்டிப் போட்டு வேறு எதிலும் சேர்க்காதீர்கள். பாஸ்வேர்டை அவளை மனப்பாடம் செய்ய வையுங்கள், தோழியிடம் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்து. அப்புறம், பிள்ளைகள் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் ஃபைலை அரட்டைப் பலகையாக ஆக்கிவிடுவார்கள், பக்கத்தில் கமென்ட் பெட்டியில் ஒரு தனி உலகமே ஓடும். எல்லா வருஷமும் நடக்கும். அவள் அப்படி ஏதாவது காட்டினால் பதறாமல் பாருங்கள், யாரையாவது கேலி செய்கிற மாதிரி இருந்தால் மட்டும் டீச்சருக்குத் தெரியப்படுத்துங்கள்.

டீச்சர் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து வாங்குகிற கூகுள் கிளாஸ்ரூம் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளி அனுமதித்திருந்தால் உங்களைப் பாதுகாவலராகச் சேர்ப்பார்கள், எந்த வேலை பாக்கி, எது அடுத்து வருகிறது என்று தினமோ வாரமோ ஒரு மெயில் வரும். ஒன்று கவனியுங்கள், அதில் தனக்கென்று வந்த ஃபைலை ‘டர்ன் இன்’ அழுத்திச் சமர்ப்பித்த பிறகு பிள்ளையால் மாற்ற முடியாது. ‘அன்சப்மிட்’ செய்தால்தான் மறுபடி எழுத வரும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நாங்கள் அல்லாடியிருக்கிறோம்.

எல்லா ஆப்பையும் கரைத்துக் குடிக்க வேண்டாம். ஜாம்போர்டு என்று கூகுளின் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது, பிள்ளைகள் அதில் ஸ்டிக்கி நோட்டு ஒட்டி விளையாடுவார்கள், 2024 கடைசியோடு மூடிவிட்டார்கள். வீடியோவில் பேசிப் பதிவு செய்கிற ஃபிலிப் ஆப்பும் அதே வருஷம் தனி ஆப்பாக இல்லாமல் போனது. டீச்சர்களே புலம்பினார்கள். அவள் எந்த ஆப்பில் இருந்தாலும் தன் இடம் எது, அடுத்தவர் இடம் எது, திருப்பி எடுப்பது எப்படி என்ற மூன்றும் தெரிந்தால் சமாளித்துக்கொள்வாள்.

வீட்டில் ஒரு விளையாட்டு மட்டும் செய்து பாருங்கள். உங்கள் கணக்கில் ஒரு காலி டாக்ஸ் ஃபைலைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கதைக்கு நீங்கள் ஒரு வாக்கியம், அவள் ஒரு வாக்கியம். தமிழிலேயே எழுதலாம். அவள் வாக்கியத்தை மாற்ற ஆசை வந்தால் கமென்டில் கேளுங்கள், “இந்த யானைக்குப் பெயர் வைக்கலாமா?” என்கிற மாதிரி. அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், நிஜமாகவே விட்டுவிடுங்கள். நாலாவது நாள் உங்கள் வாக்கியத்தை அவள் சொல்லாமல் மாற்றுவாள். அப்போது வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, உங்களுடையதை எப்படித் திருப்பி எடுக்கிறீர்கள் என்று அவளுக்குக் காட்டுங்கள்.

டீச்சருக்கு எழுதுவதென்றால் மூன்று வரி போதும். மற்றப் பிள்ளையின் பெயர் வேண்டாம், ‘புகார்’ என்ற தொனியும் வேண்டாம். “வியாழக்கிழமை குழு வேலையில் தன் பகுதி காணாமல் போனதாக மகள் சொன்னாள். நாங்கள் பள்ளிக்குப் புதிது. பழையதைத் திருப்பி எடுப்பது எப்படி என்று அவளுக்கு ஒரு தடவை காட்டித் தர முடியுமா?” இப்படி எழுதினால் பெரும்பாலும் டீச்சர் மொத்த வகுப்புக்குமே பத்து நிமிஷம் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

அழிந்த பகுதி கிடைத்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். திரையில் எங்கே மெனு என்று தெரியவில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு நேரம் இருக்கும், வீடியோவில் வந்து காட்டுகிறேன்.