பஸ் பயணத்துக்கு ஏற்ற குட்டிக் கதைகள்

கேள்வி: வாரம் ஒருமுறை கீழக்கரையிலிருந்து ராமேஸ்வரத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறேன். பெரிய நாவலை எடுத்தால் அடுத்த வாரத்துக்குள் யார் எவர் என்று மறந்துபோகிறது. சின்னதாக, விளையாட்டாக, ஆனால் உள்ளே கொஞ்சம் இருட்டும் உள்ள கதைகள் சொல்லுங்களேன்.
- வாசகி, கீழக்கரை

பதில்: நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம், எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். இருட்டான கதை பாதியில் நின்றால் நாள் முழுக்க மனதை அரிக்கும். இறங்குமுன் முடிந்துவிட வேண்டும்.

புதுமைப்பித்தனிலிருந்து தொடங்குங்கள். ராமநாதபுரத்தில் பஸ் மாறியதும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எடுத்தால் மண்டபத்துக்குள் முடித்துவிடலாம். சென்னைத் தெருவில் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளையோ அவரைக் காபி சாப்பிட அழைத்துப் போய், தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கேட்கிறார்! சிரித்துக்கொண்டே போவீர்கள். ஆனால் இந்த ஊரில் பிழைக்கக் கடவுளே திணறுகிறார் என்று தெரியும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கும். நீங்கள் கேட்ட இருட்டு அதுதான்.

திரும்பி வரும்போது 'காஞ்சனை'. கதை எழுதுகிற ஒருவர், அவர் மனைவி, வீட்டு வேலைக்கு வந்துசேரும் ஒரு பிச்சைக்காரி. ராத்திரியானால் வீட்டில் ஒரு வாசனை. பேயா, பிரமையா என்று கடைசிவரை புதுமைப்பித்தன் தீர்த்துச் சொல்வதில்லை. பகல் பஸ்ஸிலேயே படித்துவிடுங்கள்.

அப்புறம் வைக்கம் முகம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்'. பேய் வீடு என்று ஊரே பயப்படும் வீட்டை ஓர் எழுத்தாளர் வாடகைக்கு எடுக்கிறார். அங்கே கிணற்றில் விழுந்து செத்த பெண்ணோடு தினமும் பேச்சுக் கொடுக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல. பயமும் பிரியமும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்த கதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முடிவை நான் சொல்லக் கூடாது.

கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016இல் வந்தது. கறுப்புக் குட்டி ஒன்றின் வாழ்க்கை. அந்த ஊரில் ஆடு பிறந்தாலும் அரசாங்கத்தில் பதிந்து காது குத்த வேண்டும். இதை ஒரே பயணத்தில் முடிக்க முடியாது. ஆனால் ஆள்கூட்டம் இல்லாத கதை, குட்டியின் பின்னாலேயே போவதால் அடுத்த வாரமும் இழை அறுந்துபோகாது.

'குட்டி இளவரசன்' குழந்தைகள் புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிலும் ஒரு பாம்பு காத்திருக்கிறது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கியது.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, தமிழ் நூல்களை இணையத்தில் தொகுக்கும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். மற்றவற்றை ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நூலகப் புத்தகம் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருங்கள். உச்சிப்புளி தாண்டியதும் ஜன்னலில் வரும் உப்புக் காற்றில் தாள் நமத்துவிடும், உங்களுக்கு அடுத்து அதை எடுப்பவருக்கும் அது நன்றாக இருக்க வேண்டும். படித்தபின் எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்தது சொல்கிறேன்.