பனிக்கால இரவில் காரை எங்கே விடுவது?

(வாசகர் கேள்வி – பதில்)

இங்கே மாரி இறங்கும் கார்த்திகையில் அங்கே பனி இறங்கிவிடுகிறது. கடல் தாண்டிய பிள்ளைகளின் காரைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களிடமிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. சிலவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: மகன் படிக்கப் போய், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறான். பழைய கார் ஒன்று எடுத்திருக்கிறான். வளவுக்குள் விட இடமில்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இரவில் தெருவில் விடலாமா?
— கல்லடி வாசகி

பதில்: தடைப் பலகை இல்லாத தெருவில் எவ்வளவு நேரமும் விடலாம் என்றுதான் புதிதாகப் போன பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரொறன்ரோவில் அப்படி இல்லை. பலகையே இல்லாத தெருவிலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கார் நிற்கக்கூடாது. ஒரு நித்திரைக்கு அது காணாது. அயலவர் யாராவது முறையிட்டால்தான் பெரும்பாலும் அலுவலர் வருவார். அதனால் சில கிழமைகள் ஒன்றும் நடக்காமலும் போகலாம். பிறகு டிக்கற் வரத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் வரும்.

ஒழுங்கான வழி, தெருவில் விட நகரசபை தரும் அனுமதியான பெர்மிற். பெர்மிற் தெருக்களில் பலகையில் நேரம் போட்டிருக்கும். பொதுவாக நள்ளிரவு 12.01 முதல் காலை 7 மணி வரை பெர்மிற் உள்ள கார் மட்டும் நிற்கலாம். எடுக்க விரும்பினால் முதலில் நகரசபையின் இணையத்தளத்தில் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, அந்தத் தெரு பெர்மிற் தெருவா, எந்த வலயம் என்று பார்க்கவேண்டும். அடுத்து, காரின் பதிவு அந்த விலாசத்தில் இருக்கவேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் தடங்கல்: கார் பெரியப்பாவின் பெயரில், பதிவு அவருடைய வீட்டு விலாசத்தில், பெடியன் இருப்பது வேறு வீட்டில். வளவில் இடமில்லாத வீட்டின் முதல் காருக்குக் கட்டணம் குறைவு. இரண்டாவது காருக்குக் கூட. வளவில் இடமிருந்தும் தெருவைக் கேட்பவருக்கு இன்னும் கூட. விருந்தாளிகளின் காருக்கு 24 மணித்தியாலம், 48 மணித்தியாலம், ஒரு கிழமை என்று தற்காலிக பெர்மிற் இருக்கிறது. பெர்மிற் கையில் இருந்தாலும் வீட்டு வாசலில் இடம் கிடைக்கும் என்றில்லை. அது வலயத்துக்கு உரியது. இரவு வேலை முடித்து ஒரு மணிக்கு வருகிறவர் நாலு தெரு சுற்றித்தான் இடம் பிடிப்பார்.

இத்தனையும் பெரும்பாலும் பழைய நகரப் பகுதிகளுக்கான கதை. ஸ்காபரோவில் பெரும்பாலான தெருக்களில் இரவு பெர்மிற் ஏற்பாடே கிடையாது. ஆகவே உங்கள் மகன் தெருவை மறந்துவிட்டு வளவைப் பிடிப்பதுதான் புத்தி. வீட்டுக்காரர் மசியாவிட்டால், பக்கத்தில் ட்ரைவ்வே வெறுமையாகக் கிடக்கும் வீட்டில் மாத வாடகைக்கு ஓரிடம் கேட்கலாம். அடுத்த முறை வீடு பார்க்கும்போது ஒரு காருக்கு இடம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும். வாய்ப்பேச்சு பனி கொட்டும்வரைதான் செல்லும்.

ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே போனால் மார்க்கம் என்ற வேறு நகரம். அங்கே சட்டம் வேறு: வெயில் எறிக்கும் ஆடி மாதத்திலும் இரவு 2 மணி முதல் 6 மணி வரை தெருவில் கார் நிற்கக்கூடாது. மிஸிஸாகாவிலும் பிறம்ரனிலும் அதே நேரம்தான். நண்பன் வீட்டில் பிறந்தநாளுக்குப் போய்த் தங்குகிறவர்கள் இதில் அடிக்கடி அகப்படுகிறார்கள்.

கேள்வி: மகள் ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கிறாள். பெர்மிற் காசு கட்டியும், பெரிய ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இது என்ன நியாயம்?
— களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: கார் நின்றது ‘ஸ்னோ ரூட்’ என்று குறித்த வீதியாக இருக்கவேண்டும். இவை நகரின் நடுப்பகுதியிலும் ட்ராம் ஓடும் வீதிகளிலும் இருக்கின்றன. பெரும் பனிப்பொழிவு நிலை என்று நகரசபை அறிவித்தால் அந்த வீதிகளில் 72 மணித்தியாலத்துக்கு எந்தக் காரும் நிற்கக்கூடாது. பெர்மிற் அந்த அறிவித்தலுக்கு மேலல்ல. காரணம் நேரானது: ஓரத்தில் பனி மேடு கட்டினால் கார்கள் வீதியின் நடுப்பக்கமாகத் தள்ளி நிற்கும். தண்டவாளத்தில் வரும் ட்ராம் விலத்திப் போகமுடியாது. ஒரே ஒரு கார் அரை அடி வெளியே நின்றாலும் பின்னால் முழு ட்ராம் வரிசையும் நின்றுவிடும்.

கார் நின்ற இடத்தில் இல்லையென்றால் களவு என்று பதறவேண்டாம். நகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டால் வழி சொல்வார்கள். பல நேரம் பக்கத்துத் தெருவில்தான் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

பனியில் மறைந்து கிடக்கும் இன்னொரு வில்லங்கம் தீயணைப்புக் குழாய். அதிலிருந்து 3 மீற்றருக்குள் நிறுத்தக்கூடாது. சந்தியிலிருந்து 9 மீற்றர், வெளிச்சச் சமிக்ஞை உள்ள சந்தியென்றால் 15 மீற்றர் விடவேண்டும். ‘பனி மூடியிருந்தது, தெரியவில்லை’ என்று சொல்லித் தப்பமுடியாது. புதுத் தெருவுக்குக் குடிபோனால் பனிக்கு முன்பே குழாய் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மொன்றியலில் இருக்கும் மருமகன், ‘செம்மஞ்சள் பலகை வைத்துவிட்டார்கள், காரை எடுக்கவேணும்’ என்று இரவில் ஓடுகிறார். அது என்ன பலகை?
— ஆரையம்பதி வாசகி

பதில்: மொன்றியலில் பனியை ஓரத்தில் ஒதுக்குவதோடு விடுவதில்லை. கிட்டத்தட்ட 10 முதல் 15 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் அதை அள்ளி லொறியில் ஏற்றி, அதற்கென்று உள்ள இடங்களில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அதற்குத் தெருவின் ஒரு பக்கம் வெறுமையாக வேண்டும். எந்தப் பக்கம், எப்போது என்று சொல்வதுதான் அந்தத் தற்காலிகப் பலகை. வேலை பகல் 7 முதல் இரவு 7 வரை, அல்லது இரவு 7 முதல் காலை 7 வரை நடக்கும்.

வண்டிகள் வருமுன் ஒரு சைரன் ஊதும். இழுவை லொறியின் கடைசி எச்சரிக்கை அது. சைரன் கேட்டபின் சப்பாத்து தேடுகிறவருக்குக் காரும் போய், இழுவைக் கூலியும் அபராதமும் சேர்ந்து வரும். ‘இன்ஃபோ நேஜ்’ என்ற நகரசபையின் செயலியில் காரை விட்ட தெருவைக் குறித்து வைத்தால், அந்தத் தெருவின் முறை வரும்போது கைப்பேசிக்கு அறிவித்தல் வரும். அள்ளும் இரவுகளில் இலவசமாக விடக்கூடிய இடங்களும் அதில் தெரியும். இடம் குறைவு, அதனால் சாப்பிட முன்பே போய்விடவேண்டும். பலகை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலும் எதிர்ப்பக்கம் காலியாக இருக்குமென்று எண்ணவேண்டாம். இந்தப் பக்கத்துக் கார்களெல்லாம் அங்கேதான் போயிருக்கும்.

அத்துடன், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம்.

கேள்வி: தம்பி ஒரு மணித்தியாலம் பனி அள்ளி வழி வெட்டினானாம். பின்னால் வந்த பனி தள்ளும் வண்டி திரும்பவும் மூடிவிட்டுப் போய்விட்டதாம். இதற்கு ஒரு முறை இல்லையா?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இருக்கிறது. எந்தப் பக்கம் குவிக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை. கனடாவில் வாகனம் வலப்பக்கம் ஓடும். வாசலில் தெருவைப் பார்த்து நின்றால், பனி தள்ளும் வண்டி உங்கள் இடக்கைப் பக்கமிருந்து வந்து வலக்கைப் பக்கம் போகும். தகட்டில் சேர்ந்து வரும் பனி முதல் கிடைக்கும் இடைவெளியில் விழும். உங்கள் வாசல்தான் அந்த இடைவெளி. ஆகவே அள்ளும் பனி முழுவதையும் வலக்கைப் பக்கம் போடவேண்டும். இடக்கைப் பக்கத்தில், வாசலுக்கு முன்னதாகவே, தெரு ஓரத்தில் ஒரு கார் நீளத்துக்கு வெறுமையாக்கி வைத்தால் வண்டியின் பனி அங்கே கொட்டி முடிந்துவிடும். பனியை நடுத்தெருவில் எறிவது ரொறன்ரோவில் குற்றம்.

தெருவோரம் நிற்கும் காரென்றால் அள்ளுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் புகைக்குழாய். அது பனியில் அடைபட்டிருக்க இயந்திரத்தை இயக்கினால் காபன் மொனொக்சைட் காருக்குள் ஏறும். மணமில்லாத அந்த வாயுவால், பிள்ளைகளைச் சூடாக உள்ளே இருத்திவிட்டு வெளியே அள்ளிய தகப்பன்மாரின் குடும்பங்களில் சாவு நடந்திருக்கிறது. குழாய் திறந்த பிறகு கூரை, அதன் பிறகு கண்ணாடி. கூரைப் பனியை விட்டுவிட்டு ஓடினால் முதல் பிரேக்கிலேயே அது முன்கண்ணாடிக்கு வழுகி வரும். கடைசியாகச் சக்கரங்கள்: நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் தரை தெரிய வெட்டவேண்டும்.

வண்டி ஒதுக்கிய பனி வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பனி அல்ல. நசுங்கிச் சேறும் உப்பும் கலந்தது. சில மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். காலையில் பார்ப்போம் என்று படுத்தால் சவளுக்குப் பதில் அலவாங்கு தேடவேண்டி வரும்.

சக்கரம் சுற்றிக்கொண்டு நகராவிட்டால் அக்சிலேற்றரை மிதிக்கக்கூடாது. சுற்றச் சுற்ற அடியிலுள்ள பனி உருகி மறுபடி ஐஸாகும். ஸ்ரியரிங்கை நேராக்கி, குறைந்த கியரில் முன்னுக்கும் பின்னுக்குமாக மெல்ல ஆட்டி எடுக்கவேண்டும். பிடிப்புக்கு இரண்டு சவள் மணல் போதும். சாதாரண உப்பு ஏறக்குறைய மறை 10 பாகை வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே குளிர்ந்தால் கல்சியம் குளோரைட் கலந்ததை வாங்கவேண்டும்.

கேள்வி: வெட்டியெடுத்த இடத்தில் ஒரு கதிரையை வைத்துவிட்டு வேலைக்குப் போனால் அந்த இடம் நமக்குத்தானே?
— செங்கலடி வாசகர்

பதில்: அமெரிக்காவின் பொஸ்ரனில் பனி அவசரநிலை முடிந்து 48 மணித்தியாலம்வரை அந்த வழக்கத்தை நகரசபை பொறுத்துக்கொள்கிறது. சிக்காகோவிலும் ஆட்கள் கதிரை வைப்பார்கள், ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. ரொறன்ரோவில் அது தெருவில் போட்ட பொருள், அவ்வளவுதான். சிக்காகோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமானது வேறொன்று: டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, குறித்த பிரதான வீதிகளில் அதிகாலை 3 முதல் 7 வரை நிறுத்தத் தடை. ஒரு துளி பனி இல்லாத இரவிலும் இழுப்பார்கள்.

கேள்வி: சுவிஸில் நீலக் கோடு போட்ட இடத்தில் இரவு விடலாமா?
— திருக்கோவில் வாசகி

பதில்: விடலாம். மாலை 6 மணிக்குப் பிறகு வந்தால் அடுத்த நாள் காலை 9 மணிவரை நிற்கலாம். வந்த நேரத்தைக் காட்டும் நேரத் தட்டை, வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக் கோட்டுக்குத் திருப்பி, முன்கண்ணாடியில் தெரிய வைக்கவேண்டும். கண்ணாடியில் பனி மூடியிருந்தால் தட்டு வைத்தும் பயனில்லாமல் போகலாம். காலையில் 9 மணிக்குமுன் எடுத்துவிடுவது நல்லது. சில ஊர்களில் ஒவ்வொரு இரவும் தெருவில் விடுகிறவரிடம் தனி இரவுக் கட்டணமும் அறவிடுகிறார்கள். அதை ஊர்ச்சபையில் கேட்கவேண்டும். இன்னொன்று: காரைச் சூடாக்க நின்றபடி இயந்திரத்தை ஓடவிடுவது அங்கே குற்றம்.

கேள்வி: பனியை விடுங்கள். எங்கள் ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் தண்ணீர். ஹையேஸ் வான் வீட்டுக்குள் போகாது, தெருவில்தான் நிற்கிறது. என்ன செய்ய?
— கல்முனை வாசகர்

பதில்: முதலில் ஒழுங்கை மதில்களைப் பாருங்கள். போன வெள்ளத்தின் கறை கோடாகக் கிடக்கும். அந்தக் கோடு சக்கர நடுவுக்கு மேலே இருந்தால், மழை எச்சரிக்கை வந்த அன்றே வானை மேட்டு வீதியில் உள்ள உறவினர் வாசலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். நாலு சக்கரமும் காப்பெற்றிலோ கொங்கிறீற்றிலோ இருக்கவேண்டும். ஓரத்து மணல் ஊறினால் ஒரு பக்கம் புதையும். வடிகான் மூடிமேல் ஏற்றவேண்டாம். தென்னைக்கு அடியிலும் வேண்டாம். ஊறிய மணலில் வேர் பிடிக்காது, 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லை. பல நாள் நிற்குமென்றால் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நனைந்த பிரேக் ட்ரம் துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளம் ஏறிவிட்டால், வடிந்ததும் ஸ்ராட் பண்ணிப் பார்க்கும் ஆசைதான் இயந்திரத்தைக் கொல்வது. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. டீசல் இயந்திரத்தில் ஒரு சிலிண்டருக்குள் சிறிதளவு நின்றாலே கனெக்ரிங் ரொட் வளைந்துவிடும். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். எயார் ஃபில்ரரைத் திறந்து பாருங்கள். ஈரமென்றால் திறப்பைத் தொடவேண்டாம், மெக்கானிக் இன்ஜெக்ரரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும். ஒயில் குச்சியில் பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஒயில் மாற்றாமல் இயக்கக்கூடாது. பின் அச்சுப் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் திடீரெனக் குளிர்ந்தால் மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். அந்த ஒயிலையும் இறக்கிப் பார்க்கவேண்டும். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ பட்டிருந்தால் அன்றைக்கே கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கம் முழுவதும் கழுவுங்கள்.

கேள்வி: உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றலாமா?
— வாழைச்சேனை வாசகி

பதில்: கூடாது. கண்ணாடி வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் ஊற்றிய தண்ணீர் சில நிமிடத்தில் உறைந்து வைப்பரையும் சேர்த்து ஒட்டிவிடும். இரவே வைப்பரைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடிமேல் ஒரு மட்டையோ பழைய படங்கோ போட்டுவிடச் சொல்லுங்கள்.