சின்னம் நம்மது, ஆள்தான் பிடிக்கவில்லை: கேள்வி பதில்

ஓய்வுபெற்ற வாத்தியார் நான். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன். டெல்டா நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. யாருக்குப் போடலாம் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

நீடாமங்கலம்: சார், தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்ல ஒரே சின்னம். நான் கட்சி உறுப்பினர் கார்டும் வச்சிருக்கேன். இந்தத் தடவை நிறுத்தின ஆள் ஊர்ப்பக்கமே வந்ததில்ல. மாத்திப் போட்டா கட்சித் தாவல் சட்டம் பாயுமா?

பாயாது தம்பி. 1985-ல் வந்த அந்தச் சட்டம் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கானது. சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு உங்கள் வீட்டுத் திண்ணை வரை வராது. எதிர் வேட்பாளருக்காக மேடையேறினால் ‘கட்சி விரோத நடவடிக்கை’ என்று உங்களை நீக்கலாம். ஓட்டை யாரும் தொட முடியாது.

காட்டுமன்னார்கோவில்: எதிர்க்கட்சிக்குக் குத்த மனசு வரல சார். நோட்டாவா, இல்ல வீட்டிலேயே இருந்துடலாமா?

உங்கள் தொகுதிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில். ஜெயித்தவருக்குப் போட்டவர்களில் 88 பேர் வீட்டில் படுத்திருந்தால்தான் முடிவு மாறியிருக்கும். அதே ஆட்கள் தோற்றவருக்கு மாற்றிக் குத்தியிருந்தால் 44 பேரே போதும். மாற்றிப் போடும் ஓட்டு இங்கே ஒன்றைக் கழித்து அங்கே ஒன்றைக் கூட்டுகிறது, அதனால் வித்தியாசம் இரண்டாகிறது. நோட்டாவும் வீட்டில் இருப்பதும் ஒன்றைக் கழிப்பதோடு சரி.

நோட்டா வந்தது 2013-ல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். அதற்கு முன்பு யாருக்கும் ஓட்டில்லை என்றால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பூத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இப்போது ரகசியமாக அமுக்கலாம். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், அடுத்து நிற்பவர்தான் ஜெயித்தவர். ஆக, ஆள் தோற்க வேண்டும் என்றால் மாற்றிப் போடுங்கள். கோபம் பதிவானால் போதும் என்றால் நோட்டா. வீட்டில் இருப்பதுதான் என் கணக்கில் மட்டம்: நீங்கள் கோபத்தில் வரவில்லையா, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டீர்களா என்று கட்சிக்கு எப்படித் தெரியும்?

கும்பகோணம்: பூத் ஏஜென்டா உட்கார்றது என் மச்சாண்டார்தான் சார். நான் மாத்திப் போட்டா கண்டுபிடிச்சிடுவாரா?

முடியாதும்மா. அவர் கையில் இருப்பது வாக்காளர் பட்டியலின் நகல். பெயரை வாசித்ததும் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். நீங்கள் வந்தீர்களா என்பது தெரியும். யாருக்கு என்பது அட்டை மறைப்புக்குப் பின்னால் நடக்கிறது. யாருக்குக் குத்தினீர்கள் என்று உங்களுக்குக் காட்டும் விவிபாட் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும்.

ஆனால் ஒன்று. படிவம் 20 என்று ஒரு தாள் உண்டு, ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று அதில் வரும். காகித ஓட்டுக் காலத்தில் பல பெட்டிகளைக் கொட்டிக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இயந்திரம் வந்தபின் அது போயிற்று. பல பூத் ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை 2015-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதனால் ‘இந்தத் தெரு கவுத்துடுச்சு’ என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள், எந்த வீடு என்று சொல்ல முடியாது. குழாயடியில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் சரி.

ஒரத்தநாடு: நம்ம ஊர்ல ஆளைப் பார்த்து எங்க சார் போடறாங்க? எல்லாம் சின்னத்துக்குத்தானே?

பெரும்பாலும் சின்னம்தான். ஆனால் இதை ஒரத்தநாட்டுக்காரர் கேட்பதுதான் வேடிக்கை! 2021-ல் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களை திமுக அணி வாரிக்கொண்டு போனது. தப்பியவை ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம். மூன்றிலும் இரட்டை இலையில் நின்றவர்கள் வைத்திலிங்கம், காமராஜ், ஓ.எஸ்.மணியன். மூவருமே மந்திரியாக இருந்தவர்கள், தொகுதியில் வேரோடியவர்கள்.

2019-ஐயும் பாருங்கள். மக்களவையில் தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் திமுக அணிக்கு 37. அதே சமயம் நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அதிமுக 9 இடம் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில், ஒரே பூத்தில் நடந்தவை. கிராமத்து ஊராட்சித் தேர்தலில் இப்படிப் பிரித்துப் போடுவது இன்னும் சகஜம்: கையில் வெள்ளை, ரோஸ், பச்சை, மஞ்சள் என்று நாலு சீட்டு. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சையை ஒரு கட்சிக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சளை இன்னொரு கட்சிக்கும் குத்திவிட்டுக் கூலாக வெளியே வருவார்கள்.

பட்டுக்கோட்டை: பணம் வாங்கியாச்சு, கற்பூரத்துல அடிச்சு சத்தியமும் பண்ணியாச்சு. இப்ப மாத்திப் போடலாமா?

சத்தியம் உங்களுக்கும் சாமிக்கும் நடுவில். சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடாவால் 2016 மே மாதத்தில் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலே நின்று, நவம்பரில்தான் நடந்தது. ஓட்டு யாருக்கு என்பது அப்போதும் உங்கள் இஷ்டம்தான்.

திருத்துறைப்பூண்டி: தொகுதியைக் கூட்டணிக்கு விட்டுட்டாங்க. எங்க ஒன்றியத்து ஆளு கோவத்துல சுயேச்சையா நிக்கிறார். அவருக்குப் போடலாமா சார்?

போடலாம், ஆனால் அவர் கடைசிவரை நிற்கிறாரா என்று பாருங்கள். மனு வாபஸ் நாள் முடிந்தபின் அவர் சமாதானமாகிப் பொன்னாடை போர்த்திக்கொண்டாலும், பெயரும் சின்னமும் இயந்திரத்தில் அப்படியே இருக்கும். பிரசாரம் ஓயும் நாள் வரை அவர் ஆட்டோ மைக் கட்டி ஓடினால் யோசியுங்கள். நடுவிலேயே நின்றுவிட்டால் பேரம் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.